சோப்புத் தண்ணீர் ஊற்றிய நடைபாதை

ஒரு துடைப்பத்தையும் ஒரு வாளிச் சோப்புத் தண்ணீரையும் வைத்து ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு லட்சம் நாஜிகளை விரட்டியவள் நான். நாற்பது பேர்தான் என்கிறது போலீஸ். போலீஸுக்கு எண்ணத் தெரியாது.

"நடக்கவே இல்ல" என்பார் மாடிவீட்டு ஹெஃபெலே. அவருக்கு எதுவுமே நடந்ததில்லை. எங்கள் கட்டட வாசலில் செல்மா லிண்டாவர் என்று பெயர் பொறித்த பித்தளை நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள். யூதத் தையல்காரி. போர்க்காலத்தில் நாஜிகள் அவளை இந்த வாசல் வழியாக இழுத்துப் போய் ரயிலேற்றினார்கள், திரும்பவேயில்லை. அதற்கும் ஹெஃபெலே, "அந்தம்மா தானா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போச்சு" என்பார்.

அந்தக் கல்மேல் மேடை போட்டுப் பேசப்போவதாக அறிவித்தான், தீலோ என்ற கட்சிக்காரன். இந்தக் கும்பலை எனக்குத் தெரியாதா? என் அப்பா காலத்தில் நாஜிகளின் பழுப்புச் சட்டை. நான் டிராம் ஓட்டச் சேர்ந்தபோது கோட்டும் டையும். பிறகு மொட்டைத்தலையும் பூட்ஸும். இப்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சட்டைதான் மாறுகிறது, அடுத்து எவனை விரட்டலாம் என்ற பேச்சு மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது!

நல்லவேளை, அது நான் பெருக்கும் வாரம். எங்கள் ஊரில் வாரம் ஒரு வீட்டார் பெருக்க வேண்டும்; யார் முறையோ அவர் கதவில் மாட்டும் பலகை அப்போது என் கதவில் தொங்கியது. படிக்கட்டும் நடைபாதையும் என் ராஜ்யம். நெக்கார் ஆறே நுரைத்துப் போகுமளவுக்குத் தேய்த்தேன். தீலோவும் ஆட்களும் கொடியோடு வந்தார்கள்.

"நில்லுடா! ஈரமா இருக்கு, கண்ணு தெரியல?"

தீலோவின் கால் அந்தரத்தில் நின்றது. "அரைமணி நேரம்தாங்க, பேசிட்டு..."

"பறந்துக்கிட்டே பேசு! உங்கம்மா கழுவின தரையையும் இப்படித்தான் மிதிப்பியா? பலகை யார் கதவுல தொங்குதுன்னு பாரு!"

எங்கள் ஊரில் பிறந்த எவனாலும் அந்தப் பலகையை மீற முடியாது. நாட்டையே பெருக்கித் தள்ள வந்தவன், "மன்னிச்சிடுங்க" என்று பின்வாங்கினான். பின்னால் வந்தவன் அவன்மேல் முட்ட, கொடி சாக்கடையில் விழுந்தது.

"எப்பங்க காயும்?"

"நீ செத்தப்புறம்." அடுத்த வாளியை ஊற்றினேன். கூட்டத்துக்குக் கொடுத்த அனுமதி நேரம் முடிந்ததும் போலீஸ் அவர்களை அனுப்பிவைத்தது.

போன வாரம் பலகை ஹெஃபெலேயின் கதவுக்குப் போனது. பார்த்தால், மனிதர் வாசலில் மண்டியிட்டுப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"தானா காலி பண்ணிட்டுப் போனவளுக்கு எதுக்குய்யா பாலிஷ்?"

அவர் நிமிரவில்லை. "நடந்துச்சும்மா. நீ அவனுங்களைத் துரத்தினதை ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

"அது எனக்குத் தெரியும்."

"அதே ஜன்னல்தான். அப்போ ஆறு வயசு எனக்கு. அந்தம்மா கையில ஊசிப்பெட்டி இருந்துச்சு. அதையும் பாத்தேன்."