வேப் கிடங்கில் ஓர் இலையுதிர்காலம்

ஷாஜிங் என்ற கடலோர ஊரில், பான் ஹான்வென்னின் வேப் என்கிற மின்சிகரெட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கிடங்கில், ஏறக்குறைய ஒன்றரை வருடமாக ஒரே ஒரு இலையுதிர்கால நாள் நடந்துகொண்டிருந்தது. வெளியே புயல் வந்து கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும், கோடையில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும். உள்ளே அதே உலர்ந்த வடகாற்று, அதே இளங்குளிர், தூண் ஓரத்தில் அதே சாய்ந்த மஞ்சள் வெளிச்சம். சரக்கு ஏற்ற வரும் லாரி டிரைவர்கள் வாசலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், வெளியே வந்ததும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் ஜோங் குய்லான் அப்படி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் அந்த நாளைப் பிடித்த விதம் ரகசியமும் இல்லை. லிச்சிப் பழ வாசனை வேப்புகள், ஊதித் தீர்ந்ததும் எறிந்துவிடுகிற ரகம், ஒரு பெரிய ஆர்டருக்காகத் தயாராகி நின்ற நேரத்தில், வாங்கவேண்டிய நாடு திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டது. பழ வாசனையை உள்ளூரில் விற்க அனுமதி கிடையாது. ஆக, சரக்கு முழுவதும் கிடங்கில் உட்கார்ந்துவிட்டது. ஏ.சி. வாங்கித் தாருங்கள் என்று குய்லான் கேட்டாள். செலவு என்றாலே இருமுகிற முதலாளி பான் வழக்கம்போல இருமினார். இலையுதிர்கால நிலாப் பண்டிகை முடிந்து வடகாற்று முதன்முதலாக உலர்ந்து வீசிய நாளில், அவள் கிடங்கின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, கட்டடம் கழுத்துவரை நிரம்பும்வரை காத்திருந்து, கடைசிக் கதவிலிருந்து ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை திறந்தபோது நேற்று உள்ளேயே இருந்தது. அதன்பின் ஒரு நேரத்தில் ஒரு கதவுக்கு மேல் திறக்க அவள் விட்டதில்லை.

வேப்பைக் கெடாமல் வைப்பது அவளுக்கு உயிர். சூடு பட்டால் உள்ளே பஞ்சில் ஊறியிருக்கும் சாறு தேநீர் நிறத்துக்குப் போகும். வெயில் பட்டால் வாசனை செத்துப்போகும். ஈரம் ஏறினால் உறை ஊதிக்கொள்ளும். பேட்டரி வயிறு நிரம்பியும் கிடக்கக் கூடாது, பட்டினியும் கிடக்கக் கூடாது, அரை வயிற்றோடு தூங்க வேண்டும். பெட்டிகள் தரையைத் தொடாமல், சுவரில் சாயாமல், ஒன்றின் பாரம் மற்றொன்றை நசுக்காமல் அடுக்கப்பட்டிருந்தன. அவள் கிடங்கில் எதற்கும் வயதாகவில்லை. அவளுக்கே அந்தக் காலத்தில் ஒரு நரைமுடிகூடக் கூடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பொறாமை வந்ததும் அந்த ஒரு விஷயத்தில்தான்.

சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் செய்தி வந்தது. அந்த நாடு மறுபடி கதவைத் திறந்துவிட்டது. காலாவதி நாளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது. புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரும் விளக்குப் பண்டிகை கழிந்ததும் வாங்குபவர்கள் சார்பில் டிங் என்ற பெண் ஆய்வாளர் வந்து மாதிரி பார்ப்பார். நன்றாக இருந்தால் மொத்தமும் கப்பலேறும். இல்லையென்றால் மொத்தமும் குப்பை, தொழிற்சாலைக்குப் பூட்டு. குய்லான் சிரித்தபடி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, ஊரே கிளம்புவதுபோல அவளும் மெய்ஜோ மலைப்பக்கம் இருந்த தன் வீட்டுக்குப் பண்டிகைக்குக் கிளம்பினாள்.

புத்தாண்டின் ஐந்தாம் நாள் செல்வக் கடவுள் வருகிற நாள். முதலாளியின் மனைவி லீமின் சாவோஜோ பக்கத்துக் குடும்பத்துப் பெண். கடவுளைக் காக்கவைக்கிற பழக்கம் அவள் வம்சத்திலேயே கிடையாது. அன்று விடிந்ததும் மாலையும் ஆரஞ்சுமாக வந்து, வீட்டுக் கதவு, அலுவலகக் கதவு, கடைசியாகக் கிடங்கின் எட்டுக் கதவுகள் என்று எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்தாள். செல்வக் கடவுள் வந்தாரோ என்னவோ, இலையுதிர்காலம் பூனைபோல அவள் காலை உரசிக்கொண்டு வெளியே போய்விட்டது. அவள் அதைக் குளிர் என்று நினைத்துச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

குய்லான் திரும்பி வந்தபோது தெற்குக்காற்றின் ஈரம் ஷாஜிங் முழுவதையும் வியர்க்க வைத்துக்கொண்டிருந்தது. மாடிப்படி வியர்த்தது, கண்ணாடி வியர்த்தது. அவள் கிடங்கின் சுவரும் வியர்த்தது. அதுவரை அது வியர்த்ததே இல்லை.

"யாரு திறந்தது?"

"நான்தான். கடவுள் எந்தக் கதவு வழியா வருவாருன்னு நமக்கு எப்படித் தெரியும்? அதான் எல்லாத்தையும் திறந்துவெச்சேன்," என்றாள் லீமின்.

"வந்தாரா முதலாளியம்மா?"

"வந்திருப்பாரு."

"வந்தவரு போறப்போ என் காத்தையும் கூட்டிட்டுப் போயிட்டாரு."

அதைவிட மோசம், வாசலில் நிறுத்தி வைத்திருந்த காலமெல்லாம் இப்போது உள்ளே பாய்ந்தது. ஒரு பகல் கழிந்தால் ஒரு மாதம் மூப்பு. தரைக்கு அருகில் இருந்த வரிசைகள்தான் முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டன. குய்லான் ஓர் உறையைக் கிழித்து, வேப்பைப் பிரித்துப் பஞ்சைப் பார்த்தாள். தண்ணீர்போல இருந்த சாறு பு-எர் தேநீர்போலக் கறுத்திருந்தது. அவள் கெட்ட வரிசைகளைத் தனியே இழுத்துப் போட்டாள். பான் ஓடிவந்து, மேல்வரிசைப் பெட்டிகளுக்கு நடுவில் இவற்றைச் செருகிவிடலாம், ஆய்வாளர் எல்லாவற்றையுமா திறக்கப் போகிறார் என்று காதோடு சொன்னார்.

"கெட்டது என் கையால வெளிய போகாது. வேற கை வேணும்னா வேற ஆளைப் பாருங்க," என்றாள் குய்லான்.

பான் இருமினார். வேறு ஆள் யாரும் இல்லை.

மூன்றாவது நாள் சந்தையில் மீன்காரி ஒருத்தி தகவல் சொன்னாள். ஊரில் துடைக்கிற துணிகூட ஈரமாக இருக்கையில், சிப்பி உலர்த்தி விற்கும் சென் ஷூகாயின் முற்றத்தில் மட்டும் சிப்பி பொன்னிறமாகக் காய்கிறதாம். குய்லான் மின்சார ஸ்கூட்டரை அந்தச் சந்துக்குள் திருப்பினாள். வாசலைத் தாண்டியதும் உதடு உலர்ந்தது. முற்றத்துக்கு மேலே மட்டும் ஒரு பாய் அளவுக்கு வானம் நீலமாக விரிந்திருந்தது. மூங்கில் தட்டிகளில் சிப்பி இறைச்சி வரிசை வரிசையாகக் கிடக்க, அவளுடைய இலையுதிர்காலம் அவற்றுக்கு நடுவில் சாவகாசமாக உலாவிக்கொண்டிருந்தது.

சென் ஷூகாய் அந்த மண்ணின் பூர்வகுடி. கையில் தட்டியோடு நிமிர்ந்தார்.

"வா வா, வேப்காரம்மா. காத்தைத் தேடி வந்தியா?"

"கட்டிப்போட்டிருக்கீங்களா அண்ணே?"

"நான் எதுக்குக் கட்டிப்போடணும்? என் பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து வடகாத்து சிப்பிக்குத்தான் சொந்தம். நீதான் பூட்டி வெச்சிருந்த. கதவு திறந்ததும் பொறந்த வீட்டுக்கு வந்திருச்சு."

"வீட்டை வாடகைக்கு விட்டே சாப்பிடுற ஆளுங்க நீங்க. நல்லவேளை, காத்துக்கும் வாடகை போடல."

சென் சிரித்துவிட்டு, கூப்பிட்டுப் பார், வந்தால் கூட்டிக்கொண்டு போ என்றார். குய்லான் கொண்டுவந்திருந்த காலிப் பெட்டியின் வாயைத் திறந்து பிடித்தாள். காற்று அருகே வந்தது, பெட்டியை ஒருமுறை முகர்ந்தது, அவள் முன்நெற்றி முடியைக் கலைத்தது, திரும்பிப் போய்த் தட்டிகளுக்கடியில் படுத்துக்கொண்டது. அவள் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. கெஞ்சி எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

திரும்பும்போதுதான் முற்றத்தின் மேற்கே நின்ற பழைய வீட்டைப் பார்த்தாள். சிப்பி ஓடுகளையே அடுக்கிக் கட்டிய முழங்கை அகலச் சுவர், பூட்டிய கதவு. முற்றத்தில் வெயில், சுவருக்கு அந்தப் பக்கம் நல்ல நிழல். அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். உலர்ந்த குளிர். சிப்பிக்கு வெயில் வேண்டும், வேப்புக்கு வெயில் ஆகாது. ஒரே காற்று இரண்டையும் பார்த்துக்கொள்ளும். சரக்கை இங்கே வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"அது எங்க முன்னோர் வீடு. அதுல உன் புகைக்குழாயை அடுக்கச் சொல்றியா?" என்றார் சென்.

"அவங்களுக்கும் பொழுது போகும் அண்ணே."

"ஊதிட்டுத் தூக்கிப் போடுற சாமான். அதுக்கு இவ்வளவு சீராட்டலா?"

"ஊதுறவன் தூக்கிப் போடட்டும். அதுவரைக்கும் அது என் பொறுப்பு."

சென் தட்டியைக் கீழே வைத்தார். ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பிப் போட்டார். தன் சிப்பியையும்தான் கஞ்சியில் போட்டு ஒரே வாயில் விழுங்கிவிடுகிறார்கள், அதற்காகத் தான் திருப்பிப் போடாமல் விட்டதுண்டா என்று, யாரிடமோ சண்டை போடுகிற குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இடுப்புச் சாவியைக் கழற்றி அவளிடம் எறிந்தார். முன்னோர் பெயர் எழுதிய பலகைகளை இடம் மாற்றக் கூடாது, முதல் நாள் கும்பிட்டுவிட்டு உள்ளே போகவேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை.

அடுத்த காலையே சரக்கு நகர்ந்தது. கோர்ப்புப் பிரிவு, சோதனைப் பிரிவு, சமையல்காரர், காவலாளி எல்லோரும் தள்ளுவண்டியோடு வந்தார்கள். தூறல் விழுந்தது. குய்லான் முன்னால் நடக்க, அவள் பின்னால் வந்த வண்டிகள்மேல் மட்டும் ஒரு துளியும் படவில்லை. தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஊர்வலத்துக்கு வழிவிட்டார்கள். லீமின் ஒரு வண்டியைத் தானே தள்ளினாள். செல்வக் கடவுள் ஐந்தாம் நாள் இந்த வீட்டுக்குத்தான் வழி காட்டியிருக்கிறார், தன்னைத்தான் கருவியாக்கினார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.  பெட்டிகள் சுவரை விட்டுத் தள்ளி, தரையைத் தொடாமல் ஏறின. மாலைக்குள் மூப்பு நின்றுவிட்டது.

ஆய்வாளர் டிங் வந்தபோது, குய்லான் முதலில் அவரைப் பழைய கிடங்குக்கே கூட்டிப் போய், கெட்டுப்போன குவியலைக் காட்டினாள். இவை இந்தக் காரணத்தால் கெட்டன, பேட்டரி கழிவுக்கு அனுப்பப் போகிறேன் என்றாள். பின்னால் நின்ற பானின் கழுத்து சுவரைவிட அதிகமாக வியர்த்தது. டிங் அதைக் குறித்துக்கொண்டு சென் வீட்டுக்கு வந்தார். வாசலில் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அடியிலும் நடுவிலும் தான் விரும்பிய இடத்திலெல்லாம் கைவிட்டு எடுத்தார், கிழித்தார், பிரித்தார், இழுத்தார். அந்தப் பழைய வீட்டுக்குள் அப்போது பறித்த லிச்சியின் மணம் எழுந்தது. உறைமேல் இருந்த தேதியை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இரண்டாவது முறை படித்தார்.

"தேதியெல்லாம் சரிதான். சரக்குதான் அதை நம்ப மாட்டேங்குது," என்றார்.

சரக்கு கப்பலேறியது. தொழிற்சாலை பிழைத்தது. மற்றத் தொழிற்சாலைக்காரர்கள் சென்னிடம் இடம் கேட்டு வந்தார்கள். அவர் எல்லோரையும் குய்லானிடம் அனுப்பினார். பெட்டியைத் தட்டிப் பார்த்தே அவள் சிலவற்றைத் திருப்பி அனுப்பினாள். அவள் திருப்பி அனுப்பிய சரக்கை ஷாஜிங்கில் அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. அவள் வாங்கி வைத்ததை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போதும் தெற்கு ஈரம் ஊரைப் பிடிக்கும் மாதங்களில் அந்தச் சந்துக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்வெட்டரைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். எங்கும் காயாத துணியைப் பெண்கள் வாளி வாளியாகச் சென் முற்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள், கொடி கட்டவும் இடம் பிடிக்கவும் தகராறு நடக்கிறது. குய்லான் நிபந்தனையோடு அனுமதிக்கிறாள். தட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி, பெட்டிகள் இருக்கும் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கட்ட வேண்டும், சொட்டுகிற துணிக்கு இடமில்லை.