நீலக் காரின் கமிஷன்

இங்கிலாந்தில் கார் விற்றவர்கள் கார்க் கடனில் வட்டியை ஏற்றி ரகசியமாகக் கமிஷன் அடித்ததற்கு, வாங்கியவர்களுக்கு நஷ்டஈடு உண்டாம். கடன் கொடுத்தவர்களிடம் நானே இலவசமாகக் கேட்டிருக்கலாம். ஆனால் தவணை கட்ட முடியாமல் கார் பறிபோனதிலிருந்து எனக்கு எதற்கும் தெம்பில்லை. பார்ன்ஸ்லி ஊரில், பங்கு எடுத்துக்கொண்டு நஷ்டஈடு வாங்கித் தருவதற்கென்றே இருக்கும் ஒரு கம்பெனிக்கு போன் செய்து பெயரைச் சொன்னேன்.

"மிசஸ் ஹெப்வொர்த்தா? அந்த நீலக் கார்தானே? ஓட்டிப் பாக்கறப்ப உங்க நாய் பின்சீட்டுல வாந்தி எடுத்துச்சே."

குரல் பிடிபட்டது. காரை எனக்கு விற்ற கிரெய்க்.

"கமிஷன் அடிச்சவனே நீதானேடா?"

"ஆமா. அதனாலதான் உங்க கேஸ் கண்டிப்பா ஜெயிக்கும்னு சொல்றேன். வர்றதுல மூணுல ஒரு பங்கு எங்களுக்கு."

நாக்கு நுனிவரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டேன், கார் வாங்கிய அன்றைக்கு அவனிடம் கேட்ட மாதிரியே.