நான்காவது தட்டு

யாரும் கேட்காமலேயே இக்னாட்ஸி சொல்லிக்கொள்வார்: நாற்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கியவன் நான், எனக்கா பயம்? போலந்தின் லுப்ளின் நகரத்துப் பாதி அடுக்குமாடிகளில் லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஓடின. பொய்யில்லை. ஆனால் அந்த வாய்தான் அன்று அவரை மாட்டிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மதியம் மூன்றரை. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிகிறவரை விகிலியா என்கிற அந்த நாள் விருந்தில் யாரும் கை வைக்கக் கூடாது. சமையலறையில் மனைவி ஒட்டிலியா கெண்டை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் வெள்ளை விரிப்பு, அதற்கடியில் வழக்கப்படி ஒரு பிடி வைக்கோல், மூன்று பேருக்கு நான்கு தட்டு. நான்காவது, எதிர்பாராமல் கதவைத் தட்டுகிறவருக்கு. மகள் யாக்னா டிவிக்குப் பின்னால் ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?"

"கயேதான் பண்ணின கேம்ப்பா. அடுத்த மாசம் கடைக்கு வருது."

மகன் பெயரைக் கேட்டதும் கிழவர் முகம் சுண்டிப்போனது. அவர் கெஞ்சி வாங்கிக் கொடுத்த லிஃப்ட் கம்பெனி வேலையை உதறிவிட்டு, வார்சாவுக்குப் பேய் பொம்மை செய்யப் போனவன். வீட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பினார். போன வருஷம் இதே நாள் அவன் வந்து கதவைத் தட்டினான். இவர் சங்கிலியை எடுக்கவில்லை; டிவி சத்தத்தைக் கூட்டினார். சாப்பாடு முடிந்ததும் ஒட்டிலியா அழுக்குப்படாத அந்த நான்காவது தட்டை அப்படியே அலமாரியில் வைத்தாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

"பேயைக் காட்டி ஊரைப் பயமுறுத்துறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார்.

"உங்களுக்குத்தான் பயமே கிடையாதே. ஆடிப் பாருங்க." யாக்னா கன்ட்ரோலரை நீட்டினாள். "அவன் கீழ கார்ல உக்காந்திருக்கான். நட்சத்திரம் வர்றவரைக்கும் நீங்க தாக்குப்பிடிச்சா நானே போய் அவனைத் திருப்பி அனுப்பிடறேன், அப்புறம் அவன் பேச்சே எடுக்க மாட்டேன். நடுவுல கேம்ல செத்துட்டீங்கன்னா நீங்கதான் கூப்பிடணும். உங்க வாயால."

"வேணாங்க," என்று சமையலறையிலிருந்து ஒட்டிலியா குரல் கொடுத்தாள். "பல் டாக்டர்கிட்டப் போகவே என் கையைப் பிடிச்சுக்கிற ஆளு நீங்க."

அது போதாதா? "குடு இப்படி," என்று பிடுங்கிக்கொண்டார்.

யாக்னா திரைச்சீலையை இழுத்துவிட்டாள். "மாடிப்படி ஏறி நாலாவது மாடியில உங்க வீட்டுக்குள்ள போகணும். பேய் ஒண்ணு அலைஞ்சுக்கிட்டிருக்கும். துப்பாக்கியில மூணே குண்டு. வீட்டுக்குள்ள போனதும் சங்கிலியைப் போட்டுடுங்க. அதுக்கப்புறம் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

முதல் ஐந்து நிமிஷம் அவர் திரையில் கூரையையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் முட்டினார். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும் என்று பிடிபட்டபோது இரண்டாவது மாடி. டார்ச் வெளிச்சம் மங்கியது. படித்திருப்பத்தில் ஒருவன் தலை குனிந்து நின்றான். இக்னாட்ஸி சுட்டார். மறுபடி சுட்டார்.

"அப்பா, அது கைப்பிடியில தொங்குற ஓவர்கோட்."

"தெரியும். சும்மா பழகிப் பார்த்தேன்."

கீழே எங்கேயோ ஒரு கதவு திறந்தது. வெடிச் சத்தம் கேட்டு அது வருகிறது. ஈரக்கால் வைத்து ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல். ஓட இடமில்லை. லிஃப்ட் கதவு மட்டும் அரைகுறையாகத் திறந்து கிடந்தது. அந்த இருட்டு அவருக்குப் பழக்கமானது. உள்ளே இறங்கி இரும்புச் சட்டத்தில் ஒடுங்கினார்.

"மூச்சைப் பிடிக்க இந்தப் பொத்தான்," என்று யாக்னா கிசுகிசுத்தாள்.

பொத்தானையும் பிடித்தார், தன் சொந்த மூச்சையும் பிடித்தார். கதவிடுக்கில் ஒரு முகம் வந்து நின்றது. முகம் என்று சொல்லத்தான் வேண்டும். கண் மூக்கு எதுவும் இல்லை. அது கேட்டுக்கொண்டே நின்றது. சமையலறையில் எண்ணெய் பொரிகிற சத்தம்கூட அதன் காதில் விழுந்துவிடுமோ என்று கிழவர் நடுங்கினார். கடைசியில் அது போனது. அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

குழியிலிருந்து வெளியே வந்து மீதிப் படிகளை ஏறினார். நாலாவது மாடி. உள்ளே நுழைந்தார், சங்கிலியைப் போட்டார், திரும்பினார்.

திரையில் இருந்தது இந்த வீடுதான். அதே குறுகலான நடை, அதே கோட்டு மாட்டும் ஆணி, ஓரம் பெயர்ந்த அதே நிலைப்படி. பயல் ஒன்றையும் மறக்கவில்லை. மேசையில் வெள்ளை விரிப்பு. நான்கு தட்டு.

"நட்சத்திரம் இப்ப வந்துரும்," என்றாள் ஒட்டிலியா, சமையலறை ஜன்னலோரம் நின்று. அவள் குரலில் சந்தோஷமில்லை. யாக்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நிமிஷம் சும்மா இருந்தால் இக்னாட்ஸிக்கு வெற்றி.

திரையில் கதவு தட்டப்பட்டது.

"குளிருது," என்றது ஒரு குரல். "உள்ள இடம் இருக்கா?"

அவர் அசையவில்லை. மறுபடி தட்டியது. "குளிருது. உள்ள இடம் இருக்கா?"

அவர் தட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தாத்தா காலத்திலிருந்து இந்தக் குடும்பம் இந்த நாளில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறது. இடம் இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கட்டைவிரல் நகர்ந்தது. சங்கிலி கழன்றது.

அது ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்தது. இக்னாட்ஸி அலறிய அலறலில் ஒட்டிலியா கரண்டியைக் கீழே போட்டாள். திரை கறுத்தது. 'நீங்கள் இறந்துவிட்டீர்கள்' என்று எழுத்து வந்தது.

"திறக்காதீங்கன்னு சொன்னேனே," என்றாள் யாக்னா.

"எப்படிடி திறக்காம இருக்கிறது?" கன்ட்ரோலரைச் சோபாவில் வீசினார். காது மடல் சிவந்துவிட்டது. "தட்டு வெச்சிருக்கு. விகிலியா அன்னிக்கு வெளிய ஒருத்தன் குளிருதுங்கறான். திறந்தவனைக் கொல்றதா? திறக்காம உக்காந்திருந்தா ஜெயிச்சியாம். எவனாவது இப்படி எழுதுவானா? இந்தப் புத்தியை எந்த வீட்டுல கத்துக்கிட்டான் அவன்?"

யாக்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வீட்டுலதான்ப்பா."

ஒட்டிலியா அடுப்பை அணைத்தாள். கிழவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்தார். நடையில் நின்று தன் கதவின் சங்கிலியைக் கழற்றினார். படிக்கட்டில் குனிந்து கீழே கூப்பிடத்தான் கதவைத் திறந்தார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கயேதான் காரில் இல்லை. மேல்படியில் உட்கார்ந்திருந்தான், மடியில் கசகசா கேக் டப்பா, காது நுனியெல்லாம் சிவந்து. அப்பா அலறியது அவனுக்கும் கேட்டிருக்கும். சிரிக்கவில்லை. எழுந்து நின்றான், ஆனால் கிட்டே வரவில்லை.

பந்தயம் பந்தயம்தான், இக்னாட்ஸி வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"குளிருதா?" என்றார். "உள்ள இடம் இருக்கு."

அவன் ஷூவைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகும்வரை, கதவு சாத்திக்கொள்ளாமல் அவர் காலால் முட்டுக் கொடுத்து நின்றார்.