சபாபதி வாய் திறக்காத நாள்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தோட்டத்து மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சொல்லவும் தயார்.

ரப்பர் விலை விழுவதற்கு முந்திய வருடம். பாலோ என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டிய சபாபதிக்குக் கை வேலையைவிட வாய் வேலை அதிகம். மகள் செல்வராணியைப் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையின் மீசையைக் கேலி செய்தார், சம்பந்தம் போயிற்று. அடுத்து வந்தவர்கள் கொண்டுவந்த வாழைப்பழத்தைக் கேலி செய்தார், அதுவும் போயிற்று. மூன்றாவதாகத் தங்காக்கிலிருந்து காளியப்பன் தன் மகனுக்காகத் தட்டு மாற்ற வருவதாக இருந்தது. செல்வராணிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

"அப்பா, நாளைக்கு மட்டும்..." என்று தொடங்கியவள் முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். மீதிப் பேச்சு என்னவென்று சபாபதிக்குத் தெரியும்.

அன்றைக்கே அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தம்பிராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், குறடு போட்டு இழுத்தார். வேர் அவ்வளவு நீளம். இழுத்துக்கொண்டே வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, ரப்பர் பால் காய்ச்சும் ஸ்டோர் வரைக்கும் போய்விட்டார்.

திரும்பி வந்து சொன்னார்: "பஞ்சைக் கடிச்சுக்கொண்டு இரும். இண்டைக்குக் கொப்பளிக்க வேண்டாம், துப்ப வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். வெத்திலையும் வேண்டாம். உறைஞ்ச ரத்தம் குழிக்குள்ளேயே கிடக்கவேணும். உப்புத்தண்ணி நாளைக்குத்தான். விளங்கிச்சோ?"

சபாபதிக்கு நன்றாகவே விளங்கிற்று. மரத்தில் வெட்டிய காயத்தின் மேல் பால் உறைந்து ஒட்டுப்பாலாக நிற்குமே, அதே சங்கதி. அப்படியானால் ரப்பர் பாலையே வைத்தால் என்ன? போகிற வழியில் பஞ்சை இரண்டு சொட்டுப் பாலில் நனைத்து மறுபடி கடித்துக்கொண்டார். வீடு சேர்வதற்குள் மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றாகிவிட்டன.

"அலமாக்! பல்லைப் புடுங்கப் போனவரு வாயையே தச்சுக்கிட்டு வந்திருக்காரு!" என்று மனைவி கிருஷ்ணம்மா சிரித்தாள். பிறகு கஞ்சியை ஊதி ஊதி ஆற்றினாள். அந்த ஊதலில் பக்கத்து வீட்டு அடுப்பு அணைந்தது. "உறிஞ்சாதீங்க, நானே ஊத்துறேன்" என்று அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உதட்டோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

மறுநாள் காளியப்பன் வந்தார். "சம்பந்தி, முன்னாடியே சொல்லிடுறேன். என் மவனுக்குக் காது கொஞ்சம் பெரிசு."

கதவுக்குப் பின்னால் செல்வராணி மூச்சை அடக்கினாள். சபாபதியின் வயிற்றிலிருந்து அருமையான கேலி ஒன்று கிளம்பி வந்தது. ரப்பரில் முட்டியது. கன்னம் பலாக்காய் அளவுக்கு உப்பியது. கேலி அப்படியே எகிறித் திரும்பி வயிற்றுக்குள் விழுந்தது.

"ம்" என்றார்.

"இவ்வளவு அடக்கமான மனுசன என் ஆயுசுல பாத்ததில்ல. தட்ட மாத்துங்க!"

தட்டு மாறியது. "அவருக்குப் பல்லு எடுத்திருக்குங்க" என்று சொல்லி, சபாபதியின் வெற்றிலையையும் கிருஷ்ணம்மாவே போட்டுக்கொண்டாள்.

வந்தவர்கள் போனதும் செல்வராணி வெதுவெதுப்பாக உப்புத்தண்ணீர் கொண்டுவந்தாள். "மெதுவா கொப்பளிங்கப்பா." ரப்பர் உப்பில் கரையும் என்பது அன்றுதான் தெரிந்தது. வாய் திறந்ததும், "பையனோட காது..." என்று அவர் தொடங்க, அவள் முகம் வாடியது.

"நல்ல காதும்மா. நீ சொல்றதெல்லாம் கேக்கும்."

நம்பாவிட்டால் சபாபதியின் வாயைத் திறந்து பாருங்கள், இன்றுவரை ஒரு பல்கூடக் குறையவில்லை.