லாரி வராத நாள்

மூன்றாவது அடியில் பித்தளைப் பூட்டு வாயைப் பிளந்தது. அவள் கையில் இருந்தது உருட்டுக்கல். சுத்தியல் தேடிப் பிரயோஜனமில்லை. காந்த ஆய்வு நிலையத்தின் வேலிக்குள் இரும்பு ஆணிகூட வரக்கூடாது. வந்தால் பூமியின் காந்தப் பதிவு கெட்டுவிடும்.

"அலமாரிய உடைக்கிற அளவுக்குத் துணிஞ்சிட்டியாம்மா?" வாசலில் நிலையத் தலைவர் நின்றார்.

"சாவி கேட்டேன். டீ குடிக்கப் போயிட்டீங்க. பதினோரு மணிக்கு விசாரணை சார். எங்க அண்ணன வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. இப்பவே மணி பத்து."

அண்ணன் மின் கட்டுப்பாட்டு அறையின் ஷிப்ட் பொறுப்பாளர். ஏப்ரல் 26 அன்று பெரிய டிரான்ஸ்பார்மர் வெந்து வெடித்தது. ஓர் ஊழியருக்கு இரண்டு கையும் கருகிப் போயின. பழி அண்ணன் தலையில். இந்த நிலையத்தில் வேலை பார்க்கும் அவள், மூன்று மாத வெளியூர்ப் பயிற்சி முடிந்து நேற்றுதான் திரும்பியிருந்தாள்; ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை.

பதிவுத் தாள்களை உருவி மேஜையில் பரப்பினாள். மார்ச் 30, ஏப்ரல் 26 தாள்களின் குறுக்கே சிவப்புப் பென்சில் கோடு. பக்கத்தில் ஒரே சொல்: லாரி.

"பக்கத்துக் கிடங்குக்கு லாரி வருது. இரும்பு. அதான் அடிச்சேன்" என்றார் தலைவர்.

"லாரி வந்தா கோடு ரெண்டு நிமிஷம் துள்ளும். இது ஒன்பது மணி நேரம் பேயாட்டம் ஆடியிருக்கு. எந்த லாரி சார் ஒன்பது மணி நேரம் நம்ம வேலியோரம் நின்னு டான்ஸ் ஆடுச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேதியப் பாருங்க. மார்ச் 3, மார்ச் 30, ஏப்ரல் 26. நடுவுல இருபத்தேழு, இருபத்தேழு. சூரியன் சுத்தி வந்து அதே பக்கத்த நமக்குக் காட்ட ஆகிற நாள். அந்தப் பக்கத்துல காந்தம் கதவத் திறந்து வெச்சிருக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அங்கேருந்து வர்ற சூரியக் காத்து பூமியோட காந்தத்தப் பிடிச்சு உலுக்குது. மின் கம்பியில வேண்டாத கரண்ட் ஏறுது. மார்ச் 3-ல அண்ணன் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை குடுத்தீங்க. அப்புறம் மட்டும் ஏன் வாயப் பொத்திக்கிட்டீங்க?"

"அம்மா..."

"வாசல் நோட்டையும் பாத்துட்டேன். அந்த ரெண்டு நாளும் கிடங்குக்கு லீவு. ஒரு சைக்கிள்கூட வரல."

"அந்தத் தாள எடுத்துட்டுப் போகாத. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதா, உங்க நாற்காலியோட நல்லதா? கருகிப்போன அந்தாளு கையால இனி ஒரு வாய் சோறு எடுத்துத் திங்க முடியாது. அத யாரு நல்லதுல சேக்கிறது?"

மேஜைத் தொலைபேசியில் அண்ணனை அழைத்தாள். தலைவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அண்ணா, கிடைச்சிடுச்சு. எச்சரிக்கைய அமுக்கினது எங்க தலைவர்தான். அவர் கையெழுத்தோட இருக்கு. அரை மணியில அங்க இருப்பேன்."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம். பிறகு, "யார்கிட்டயாவது காட்டினியா?"

"இன்னும் இல்ல."

"கிழிச்சுப் போட்டுடு."

அவள் தலைவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்ச் 3-ல அந்த எச்சரிக்கைய நம்பி லோடக் குறைச்சேன். பாதி ஊருக்குக் கரண்ட் இல்ல. ஒண்ணும் ஆகல. எல்லார் முன்னாடியும் நாய் மாதிரி திட்டு வாங்கினேன், பாப்பா. அதுக்கப்புறம் உங்க தலைவர் ஃபோன் பண்ணாம இல்ல. ரெண்டு தடவையும் பண்ணினாரு. நான்தான் லோடக் குறைக்கல."

மறுமுனையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"வெடிச்சப்புறம் லாரின்னு எழுதச் சொன்னதே நான்தான்."