கழுதைக்கு வைத்த ஒப்பாரி

சிரஞ்சீவிகள் சாவதில்லை என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால் மலைமேல் இருந்த வெண்நாரைச் சிரஞ்சீவி, ஒட்டரிசி உருண்டை தொண்டையில் சிக்கிச் செத்துப்போனபோது, அவருடைய தலைமைச் சீடன் தூய்மேகம் அந்தச் செய்தியை என் ஒருத்தியிடம்தான் சொல்ல முடிந்தது. அவர் தானியத்தையே தொடாமல் பனித்துளியைக் குடித்து வாழ்கிறவர் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பனித்துளியோடு தினம் இரண்டு கட்டி சோயா டோஃபுவும் உள்ளே போகும். மடத்தின் பின்வாசலில் தூய்மேகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

அவருக்கு வயது முந்நூற்று நாற்பது என்று மடத்து வாசலில் பொறித்து வைத்திருக்கிறார்கள். என் கணக்குப்படி அறுபத்தொன்று. என் கணக்கு தப்பாது, ஏனென்றால் அவரோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அப்போது அவர் பெயர் மியாவ் தெகுய். முப்பது வயதிலேயே தலை பஞ்சாக நரைத்துவிட்டது, முகத்தில் மட்டும் ஒரு சுருக்கம் கிடையாது. சோயா வாங்கப் பக்கத்துச் சீமைக்குப் போன இடத்தில் யாரோ வயது கேட்டிருக்கிறார்கள். இவர் விளையாட்டாக முந்நூறு என்றிருக்கிறார். கேட்டவன் காலில் விழுந்துவிட்டான். விழுந்தவனைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதானே? அதற்குத்தான் அந்த மனிதருக்கு மனசு வரவில்லை.

தேடிக்கொண்டு மூன்று நாள் நடந்து நான் இந்த ஊருக்கு வந்தபோது, அவர் தாடியும் சீடர்களுமாக மலைமேல் உட்கார்ந்திருந்தார். பின்வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு வருஷம் பொறுத்துக்க, சியூயிங். அப்புறம் எறங்கி வந்துடறேன்," என்றார். அதற்கு இருபத்துநாலு வருஷம் ஆகிறது. நான் அடிவாரத்தில் டோஃபுக் கடை வைத்தேன். புருஷன் எங்கே என்று கேட்டவர்களிடம் ஆற்றோடு வியாபாரத்துக்குப் போயிருக்கிறார் என்றேன். வாழாவெட்டி என்று என் காதுபடவே சொன்னார்கள். காட்டிக் கொடுத்திருந்தால் அவரை அடித்தே கொன்றிருப்பார்கள். அந்த ஆசையும் எனக்கு அவ்வப்போது வந்தது உண்டு.

தூய்மேகம் ஐம்பது வயதுத் தடியன். அவனுக்கு மட்டும் எங்கள் விஷயம் தெரியும்.

"அம்மா, குரு ஒடம்பைக் கழட்டிப் போட்டுட்டாரு," என்றான்.

"செத்துட்டாரா?"

"நாங்க அப்படிச் சொல்றதில்ல."

"மூச்சு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னய்யா பேச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். சிரஞ்சீவி போனால் பெட்டியில் வைத்து ஆணி அடிப்பார்கள். மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில் ஊர்கூடிப் பெட்டியைத் திறப்பார்கள். உள்ளே வைக்கோல் செருப்பும் கைத்தடியும் மட்டும் கிடக்க வேண்டும். அப்போதுதான் அவர் வானுலகம் போனதாக அர்த்தம். செருப்புக்கும் தடிக்கும் பஞ்சமில்லை. அறுபத்தொரு வயது உடம்பை எங்கே ஒளிப்பது என்பதுதான் தூய்மேகத்தின் கவலை.

"மலை பூரா பாறை. மூலிகை பறிக்கிறவன் நொழையாத சந்து இல்ல. ஒங்க சோயாக் கொல்லைல எடம் கொடுத்தீங்கன்னா..."

"கொடுக்கறேன். ஆனா நான் அழணும்."

"தாராளமா அழுங்க. மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள இருபத்துநாலு வருஷமா அழுதாச்சு. துக்கத்துக்குச் சணல் துணி கட்டிக்கிட்டு, நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி அழணும். முடியாதுன்னா ஒங்க குருவை நீங்களே வச்சு ஊறுகா போட்டுக்குங்க."

வீம்புக்குச் சொல்லவில்லை. பெண்டாட்டி வாய்விட்டு அழாத பிணம் பசித்த பேயாக அலையும். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது அலைந்தது போதும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது. நான் சுமங்கலியா விதவையா என்று எனக்கே தெரியாமல் எத்தனை காலம் இருப்பேன்?

"செத்தது யாருன்னு கேப்பாங்களே அம்மா," என்றான் பரிதாபமாக. "ஒரு கோழின்னு சொல்லிடுவோமா?"

"கோழிக்கு ஆறடிக் குழி வெட்டினா ஊரே வந்து பாக்கும்."

இரண்டு பேரும் சேர்ந்தாற்போலத் திரும்பிச் சோயா அரைக்கும் கல்லில் கட்டியிருந்த என் கழுதையைப் பார்த்தோம். அது பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையிலேயே, பெட்டி திறப்பதைப் பார்க்க ஊர் மொத்தமும் மலை ஏறிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. தூய்மேகம் பின்பாதை வழியாக என் வண்டியில் அவரை இறக்கிவந்தான். மேலே டோஃபுத் துணி போர்த்தியிருந்தது. வண்டியை இழுத்து வந்தது செத்துப்போனதாகச் சொல்லப்போகிற அதே கழுதைதான். தாடியில் ஒட்டியிருந்த அரிசியைக் கழுவி, தலைவாரிவிட்டேன். கிட்டத்தில் பார்த்தால் முகமெல்லாம் சுருக்கம். எனக்குத் தெரியாமலே கிழவராகியிருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மண் தள்ளி முடித்ததும் தூய்மேகம் மூன்று முறை விழுந்து கும்பிட்டான். பெட்டி திறக்கும்போது ஆனந்தக் கண்ணீர் விட அவன் அங்கே இருந்தாக வேண்டும் என்பதால், கழுதையை இழுத்துக்கொண்டு மலைக்கு ஓடினான். மடத்துக் கொட்டிலில் இன்றைக்கும் அது ராஜபோகமாகத் தின்கிறது.

பொழுது சாயும் முன் ஊர் இறங்கி வந்தது. பெட்டி காலி, செருப்பும் தடியும் மட்டும் கிடந்தன என்று ஒரே பேச்சு. வெள்ளை நாரை ஒன்று பறந்ததை நாலு பேர் பார்த்தார்கள். தெருக்கோடிக்கு வருவதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். நான் சணல் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு மண்மேட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"கல்லைச் சுத்தின கண்ணே, மூட்டை சொமந்த ராசா..."

சரியாக வரவில்லை. அவர் கல்லையும் சுற்றியதில்லை, மூட்டையும் சுமந்ததில்லை. புகழ்ந்ததெல்லாம் கழுதைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. வேலிக்கு வெளியே கூட்டம் கூடிச் சிரித்தது. கசாப்புக்காரன் ச்சாவ் மட்டும் மண்வெட்டியோடு உள்ளே வந்தான். எங்கள் பக்கத்தில் கழுதைக் கறிக்கு இருக்கிற மவுசு பன்றிக்குக்கூடக் கிடையாது.

"எப்பம்மா செத்துச்சு?"

"காலைல."

"காலைல செத்ததை யாராவது பொதைப்பாங்களா? சீக்கா?"

சீக்கு என்றே சொல்லியிருக்கலாம். துக்கத்தில் வாயில் உண்மை வந்துவிட்டது.

"தொண்டைல அடைச்சுக்கிச்சு."

"தொண்டை அடைச்சா தொடைக்கறிக்கு என்ன கேடு? நகரு. பாதி ஒனக்கு, பாதி எனக்கு," என்று மண்வெட்டியை ஓங்கி மண்ணில் இறக்கினான்.

மேட்டின்மேல் குப்புற விழுந்தேன். அதற்கப்புறம் என்ன சொல்லி அழ வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. "ஒரு வருஷம்னு சொன்னியே, படுபாவி. எண்ணி எண்ணி என் வெரலு தேஞ்சு போச்சே. பக்கத்துலயே இருந்து பாக்காம இருந்தியே. நான் கெழவியானது ஒனக்குத் தெரியுமா..." நாலு வீட்டுக்கு என்ன, நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். அப்புறம்தான் உறைத்தது: எந்த ஊர்க் கழுதை ஒரு வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும்? எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. நூடுல்ஸ் கடை ஷூலான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ச்சாவின் மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தாள். வாழாவெட்டி என்ற பெயரை எனக்கு முதலில் வைத்த புண்ணியவதி அவள்தான்.

"போய்யா அந்தால. அவ கழுதைக்கா அழுவுறா? ஆத்தோட போன புருசனை நெனச்சு அழுவுறா. இது கூடவா தெரியல?"

ச்சாவ் தலையைக் குனிந்துகொண்டு போனான். ஷூலான் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் போன வருஷம் மகனைப் பறிகொடுத்தவள், அவளும் அழுதாள். இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்து அவரவர் பிணத்துக்கு அழுதார்கள். வெண்நாரைச் சிரஞ்சீவிக்கு அப்படி ஒரு சாவு நடந்தது.

அழுது ஓய்ந்த பிறகு ஷூலான் சட்டைக் கையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நல்ல மனுசனா அவரு?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. ஆனா எனக்கு அவருதான்."

"சியூயிங், நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. எத்தனை காலத்துக்கு வாசலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்ப? சிரஞ்சீவியே இன்னிக்குப் போயிட்டாரு. ஒம் புருசன் எம்மாத்திரம்? செத்துட்டாருன்னே வச்சுக்கயேன்."

மலைமேல் மணியடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் மேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"ஆமாக்கா," என்றேன். "செத்துட்டாரு."