ராய்ஸ் டில்லரியின் பந்து இறங்கும் நாள்

ராய்ஸ் டில்லரி வெள்ளிக்கிழமை எறிந்த பந்து செவ்வாய்க்கிழமை காலையில் கீழே இறங்கியது. அப்போது கார்டெல் மேப்ரி, ஹார்லன் வெல்ஸ் ஊரின் முடிதிருத்தும் கடையில், பாதித் தலை வெட்டிய நிலையில் உட்கார்ந்திருந்தான். பந்து திறந்திருந்த ஜன்னல் வழியாக நுழைந்து அவன் நீட்டிய கைகளில் வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி ஆட்டத்தில் அந்தப் பந்துக்காக ஓடியவனும் கார்டெல்தான் என்பதால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து மீதித் தலையை வெட்டி முடித்தார். அடுத்த வாரத்துப் பந்து தேவாலயத்தில் அவன் பாட்டுப் புத்தகத்தை விரித்தபோது வந்தது. அதற்கடுத்தது கணக்குப் பரீட்சையின் நடுவில் வந்தது, ஆசிரியை அதைக் காப்பியடித்த குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேற்கு டெக்சஸில் கால்பந்து என்பது பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம். ஓடுகிறவன் நிற்கும் இடத்துக்குப் பந்தை எறிகிறவன் சுமாரானவன், அவன் போய்ச் சேரப்போகும் இடத்துக்கு எறிகிறவன் கெட்டிக்காரன் என்று அங்கே எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லிக்கொடுப்பார்கள். ராய்ஸ் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டான் என்பது ஊராரின் கருத்து. ஆனால் பந்து கண்ணுக்கு மறைந்ததும் நடுவர்கள் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் புள்ளிவிவரத்தில் அவனுடைய நீண்ட எறிதல்கள் அத்தனையும் தவறியவை. குட்டை எறிதல்களை வைத்துத்தான் அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. பள்ளிப் பையன்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கும் இணையதளங்கள் அவனுக்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை. எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் அடுத்த ஜூன் மாதம் அவன் கோழி வெட்டும் ஆலையில் வேலைக்குச் சேர வேண்டியதுதான். அவன் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் இருக்கிறதா என்று அவனுடைய அம்மா விசாரித்தும் வைத்துவிட்டாள்.

டெல்ஃபின் ரூக்கர் அந்த ஊருக்கு வந்தது டிசம்பர் முதல் வாரம். அரசுக் கல்லூரி ஒன்றுக்கு ஆட்டக்காரப் பையன்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அம்மாவின் உயரத்தையும் அப்பாவின் செருப்பு அளவையும் பார்த்து, ஒரு பையன் இன்னும் எவ்வளவு வளர்வான் என்று சொல்லிவிடுவாள். எறிந்த பந்தை அவள் பார்ப்பதே இல்லை. எல்லாரும் பந்தைப் பார்க்கும்போது அவள் எறிந்தவனின் முகத்தைப் பார்ப்பாள். அவளுடைய மேலாளர் கோச் ஸ்ட்ராட்டனிடம் எறிபவனுக்கான இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. டல்லாஸில் நான்கு நட்சத்திரப் பையன் ஒருவன் அதற்காகக் காத்திருந்தான். பையன்கள் கையெழுத்துப் போடும் நாள் புதன்கிழமை. அன்று மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மதியம் போனெட் ஊர்ப் பள்ளியுடன் தகுதிச் சுற்று ஆட்டம். நாணயம் சுண்டியதில் மைதானம் ஹார்லன் வெல்ஸுக்கு விழுந்திருந்தது. கடைசி வினாடிகளில் ஹார்லன் வெல்ஸ் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. ராய்ஸ் பின்வாங்கினான், வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், பிறகு வானத்தின் ஒரு மூலையைப் பார்த்து எறிந்தான். பந்து மேலே போனது, மேகத்துக்குள் நுழைந்தது, கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தொட்டது. போனெட் ஆட்கள் குதித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். அன்றைய நடுவர் லவ்லேஸ் விதிப்புத்தகத்தைப் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறவர். அவர் விசிலை வாயில் வைக்கவே இல்லை.

"எல்லாரும் வெளிய போங்கய்யா! பந்து இன்னும் தரையத் தொடல. தொடாத வரைக்கும் ஆட்டம் நடக்குது."

"எங்கய்யா பந்து? காட்டுங்க பாப்போம்!" என்றார் போனெட் பயிற்சியாளர்.

"எனக்கும் தெரியல. அதான் சொல்றேன், கீழ வரல."

அப்படியாக ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. முன்வரிசைத் தடியர்கள் எறிதலின்போது முன்னால் போகக் கூடாது என்பதால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சீட்டாடினார்கள். கார்டெல் எதிரணியின் எல்லைக் கட்டத்தில் நின்றான். பந்து அங்கே அவன் கையில் விழுந்தால் ஆறு புள்ளி, வெற்றி. அவனைப் பந்து பிடிக்கவிடாமல் காக்கும் போனெட் பையன் ஒட்டிக்கொண்டே நின்றான். ஊர்க்காரர்கள் போர்வையும் மிளகாய்க் கறியும் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை மைதானப் படிகளிலேயே நடந்தது, போதகர் பொறுமையைப் பற்றிப் பேசினார், இரண்டு ஊரும் சேர்ந்து பாடியது. திங்கட்கிழமை ஆசிரியர்கள் கரும்பலகையைத் தள்ளிக்கொண்டு வந்து பாடம் நடத்தினார்கள். ஒவ்வொரு பருந்து வட்டமிடும்போதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தது. யாருக்கும் கத்தக் குரல் இல்லை, யாருக்கும் வீட்டுக்குப் போக மனமும் இல்லை.

ஆட்டத்தின் நடுவில் தானாக மைதான ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டியவன் திரும்பி வந்து பந்தைத் தொடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அது போனெட் ஆட்களுக்குத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. உடனே ஓர் இறைச்சிப் புகையடுப்பை வண்டியில் இழுத்து வந்து கோட்டுக்கு வெளியே இரண்டடி தள்ளி நிறுத்தினார்கள். மாட்டு நெஞ்சுக்கறியை மெஸ்கீட் என்ற முள்மரத்தின் விறகில் வேகவைத்து, புகை கார்டெலின் பக்கமாகப் போகும்படி அட்டையால் விசிறினார்கள்.

"ஏய் கார்டெல்! கொழுப்போட வெட்டட்டுமா, கொழுப்பு இல்லாமலா?"

"போங்கடா, எங்கம்மா இதவிட நல்லா செய்வாங்க!"

"உங்கம்மாதாண்டா மசாலா தடவுனாங்க, கேட்டுப் பாரு!"

இது பொய். ஆனால் அந்த வாசனைக்கு எதிராக எந்த உண்மையும் நிற்க முடியாது. செவ்வாய் முழுக்கத் தாக்குப்பிடித்த கார்டெல் புதன்கிழமை காலை, கறியின் கருகிய ஓரத்தை வெட்டும் சத்தம் கேட்டதும், தூக்கத்தில் நடப்பவன் போல நடந்து கோட்டைத் தாண்டினான். அவனைக் காத்தவனும் பின்னாலேயே போனான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஹார்லன் வெல்ஸ் பக்கம் ஒரு பெருமூச்சு கிளம்பியது, கொடிகள் அந்தக் காற்றில் ஒருமுறை அசைந்தன. போனெட் ஆட்டக்காரர்கள் ஆங்காங்கே புல்லில் மல்லாந்தார்கள். காக்க வேண்டியவர் யாரும் இனி இல்லை.

டெல்ஃபினின் கைப்பேசி அடித்தது. டல்லாஸ் பையனின் அப்பா வாசலில் நிற்கிறார், மதியத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்றார் ஸ்ட்ராட்டன். அவள் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மைதானத்தின் ஓரமாக நடந்து ராய்ஸுக்கு அருகில் போய் நின்றாள். கார்டெல் கோட்டைத் தாண்டியபோது ஊரே தலையில் கை வைத்தது. இவன் மட்டும் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"கார்டெல் போயிட்டானே, தம்பி. உனக்கு வருத்தம் இல்லையா?"

"இல்ல மேடம். அவன் போவான்னு தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"எறியறதுக்காகப் பின்வாங்குனேன் இல்லையா, அப்பவே. நெஞ்சுக்கறின்னா அவனால முடியாது மேடம், பாவம். புதன்கிழமை வரைக்கும்தான் தாங்குவான்னு தோணுச்சு. அதனால அவனுக்கு எறியல."

டெல்ஃபின் ஓரடி நெருங்கினாள். "பின்ன யாருக்கு?"

ராய்ஸ் குரலைத் தாழ்த்தி, "ஹாலிஸுக்கு மேடம். அந்தப் பக்கம் பாக்காதீங்க, பாத்தா அவங்களும் பாப்பாங்க" என்றான்.

ஹாலிஸ் பெக் ஓட்டக்காரர்களில் கடைசி ஆள், எதிராளியை இடித்துத் தள்ளுவது மட்டுமே அவன் வேலை. சனிக்கிழமை பந்து எறியப்பட்டபோது அவன் ராய்ஸின் காலடியில் குப்புற விழுந்து கிடந்தான். பிறகு வடக்கிலிருந்து குளிர்காற்று கிளம்பியதும், நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து, புள்ளிப் பலகை காற்றை மறைக்கும் மூலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். அந்த மூலை, கார்டெல் நின்ற அதே எல்லைக் கட்டத்துக்குள் இருந்தது. இப்போது அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அவன் இந்த வருஷம் ஒரு பந்துகூடப் பிடிச்சதில்லையே!"

"யாரும் அவனுக்கு எறிஞ்சதில்ல மேடம்."

"எழுப்ப வேண்டாமா?"

"எழுப்பினா கெட்டுப்போயிடும். தூங்குறவனுக்குத்தான் எறிஞ்சிருக்கேன்."

டெல்ஃபின் கைப்பேசியை எடுத்தாள். ராய்ஸ் டில்லரியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"பந்து கீழ வந்திருச்சா?" என்றார் ஸ்ட்ராட்டன்.

"இன்னும் இல்ல, கோச்."

"வராமலே எப்படிச் சொல்ற? தப்பாப் போச்சுன்னா நீ அடுத்த வருஷம் வாசல்ல டிக்கெட் கிழிப்ப, தெரியும்ல?"

"கீழ வந்தப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்கு, கோச்? அது ஊருக்கே தெரியுமே."

ராய்ஸ் மைதானத்தை விட்டு வெளியே வராமல், கோட்டுக்கு உள்ளே நின்றபடி, டெல்ஃபினின் முதுகைப் பலகையாக வைத்துக் கல்லூரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அவனுடைய அம்மா படிகளில் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பேனா மூடியைத் திருகும்போது மேலே ஒரு சீறல் கேட்டது, கொதிக்கத் தொடங்கும் கெட்டிலின் சத்தம் போல. கூட்டம் மொத்தமும் பருந்தைத் தேடியது. லவ்லேஸ் ஓடத் தொடங்கினார். வயதானவர் அவ்வளவு வேகமாக ஓடியதை அந்த வட்டாரம் அதற்கு முன் பார்த்ததில்லை. போனெட் பையன்கள் துள்ளி எழுந்து தங்கள் தலைக்கு மேலேயே தேடினார்கள். பந்து அவர்கள் எல்லாரையும் தாண்டி, மெல்லிய பனி பூத்த தோலோடு, சுழன்றுகொண்டே இறங்கி, குளிருக்காக மார்பில் கை கட்டித் தூங்கிய ஹாலிஸின் கைகளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில், அந்த இடைவெளிக்கென்றே தைத்தது போல நுழைந்தது. ஹாலிஸ் அதைத் தலையணை என்று நினைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு புரண்டு படுத்தான். லவ்லேஸ் குனிந்தார், பந்து தரையில் படவில்லை என்று நாலாபக்கமும் பார்த்தார், நிமிர்ந்து, ஹார்லன் வெல்ஸுக்கு ஆறு புள்ளி என்று இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார். அந்த ஆரவாரத்தில் புள்ளிப் பலகையின் பல்புகள் சில தாமாக எரிந்தன. ஹாலிஸுக்கு விஷயத்தைச் சாயங்காலம்தான் சொன்னார்கள். அவன் நம்பவில்லை.

இணையதளங்கள் அடுத்த வாரமே ராய்ஸுக்கு நட்சத்திரங்களைப் போட்டன, அதற்குள் அவை யாருக்கும் தேவைப்படவில்லை. கல்லூரியில் அவன் நான்கு வருடம் ஆடினான். அவன் ஆடும் சனிக்கிழமைகளில் மக்கள் மாற்றுத் துணியோடும் அரிசி மூட்டையோடும் வந்தார்கள், எதிரணிகள் திரும்பிப் போகும் பேருந்துக்குத் தேதி குறிக்காமல் சீட்டு எடுத்தார்கள். அவன் கடைசி ஆட்டத்தில், கடைசி வினாடியில் எறிந்த பந்து இன்னும் இறங்கவில்லை. அதைப் பிடிக்க வேண்டியவன் எல்லைக் கட்டத்திலேயே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே ஒரு மரவீடு கட்டிக் குடியேறினான். அவனைக் காக்கும் எதிரணி ஆட்டக்காரன் பக்கத்து வீடு. நடுவில் வேலி போடலாமா என்று கேட்டதற்கு, அது ஆளைத் தடுத்த குற்றமாகும் என்று நடுவர் சொல்லிவிட்டதால் வேலி கிடையாது, குழந்தைகள் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகின்றன. கல்லூரி வேறொரு மைதானம் கட்டிக்கொண்டது. காலையில் இரண்டு ஆண்களும் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து, மழை வருமா என்று பார்ப்பது போல ஒருமுறை மேலே பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள்.